கப்பல் பேர் என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுத் தங்கச்சி ஒரு முறம் முருங்கைக்கீரையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். கீரை ஆய்வதற்காக மட்டும் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பாதிக் கீரை ஆய்ந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"யக்கா, பையனுக்கு வேலை வந்திருக்கு. மும்பைல. கடலுக்குள்ள எண்ணெய் எடுக்குற எடமாம். சம்பளம் இப்ப வாங்குறதுக்கு ரெண்டு பங்கு. சாப்பாடு, தங்கறது எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம். அனுப்பலாமாக்கா?"

பையன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. கூரையைப் பிரித்து ஒட்டு வீடாக்கியதில் வாங்கிய கடன் இருக்கிறது. அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ரெண்டு பங்கு சம்பளம் என்றால் அந்த வீட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால் சட்டென்று 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. 'அனுப்பு' என்றும் வரவில்லை.

உறுவையாற்றில் இருக்கும் எங்களுக்குக் கடல் தூரமில்லை. வில்லியனூர் போய் பஸ் மாறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி கடற்கரை. தானே புயலையும் பெஞ்சல் புயலையும் பார்த்தவர்கள் நாங்கள். ஆனாலும் எங்கள் ஊர் வயல்காட்டு ஊர். மீனவக் குப்பத்துப் பெண்களுக்குக் காற்றின் திசை தெரியும், எந்தப் படகில் யார் போனார்கள் என்பது தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளை கடலுக்குள் வேலைக்குப் போனால் அவனைப் பற்றி எதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அவள் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது பி-305.

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்கள். அரபிக் கடலில் டவ்தே என்ற புயல். மியான்மர் நாடு கொடுத்த பெயர், பல்லி என்று பொருள். மும்பையை உரசிக்கொண்டு போய் மே 17 திங்கட்கிழமை இரவு குஜராத் கரையைக் கடந்தது. அன்று மாலைதான் மும்பைக் கரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய் வயல் பகுதியில், பி-305 என்ற பார்ஜ் கடலில் மூழ்கியது.

பார்ஜ் என்றால் என்ன என்று தங்கச்சி கேட்டாள். நீங்களும் கேட்கலாம். எஞ்சின் இல்லாத பெரிய தட்டையான மிதவை. அதன்மேல் மாடி மாடியாக அறைகள், சமையல்கூடம், சாப்பாட்டுக்கூடம். மிதக்கும் லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளில் பழுது பார்ப்பவர்கள், வெல்டர்கள், பெயின்டர்கள், ஃபிட்டர்கள் எல்லாரும் அதில் தங்கி வேலைக்குப் போய் வருவார்கள். நினைத்த நேரத்துக்குத் தானாக எங்கும் போக முடியாது. இழுவைக் கப்பல் வந்து இழுக்க வேண்டும். நிற்கும் இடத்தில் நங்கூரம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

புயல் வருகிறது என்று வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. பார்ஜை மேடையிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி நிறுத்தினார்கள். அது போதும் என்று நினைத்தார்கள். துறைமுகத்துக்குக் கொண்டுவரவில்லை. காற்று முற்றியபோது நங்கூரங்கள் பிடி விட்டன. மிதந்துபோன பார்ஜ், ஆள் இல்லாத ஓர் எண்ணெய் மேடையில் மோதி ஓட்டையானது. தண்ணீர் ஏறியது. உயிர்காக்கும் மிதவைகளில் பெரும்பாலானவை ஓட்டையாக இருந்தன என்று உயிர்பிழைத்த தலைமைப் பொறியாளர் பிறகு சொன்னார். கடைசியில் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு கடலில் குதிப்பது ஒன்றுதான் வழி. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இருட்டில், வீட்டு உயரத்துக்கு எழும்பிய அலைகளில் மணிக்கணக்காக மிதந்தார்கள்.

கடற்படையின் ஐ.என்.எஸ். கொச்சி, ஐ.என்.எஸ். கொல்கத்தா போன்ற கப்பல்கள் அந்தக் காற்றிலேயே போய்ச் சேர்ந்தன. இரவெல்லாம் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். 19ஆம் தேதி காலை ஐ.என்.எஸ். கொச்சி மும்பைக்குத் திரும்பியபோது அதில் உயிரோடு 125 பேர் இருந்தார்கள். பி-305இல் இருந்த 261 பேரில் மொத்தம் 186 பேர் பிழைத்தார்கள். அதே புயலில் மூழ்கிய வரபிரதா என்ற இழுவைக் கப்பலில் இருந்த 13 பேரில் 2 பேர். இரண்டிலும் சேர்த்து 86 உயிர்கள் போயின.

இதையெல்லாம் சொல்லச் சொல்ல, தங்கச்சி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டாள். "அப்ப வேணாம்னு சொல்றீங்களா?" என்றாள்.

அப்படியும் சொல்லிவிட முடியாது. அதே புயலில் கால் கன்ஸ்ட்ரக்டர், சப்போர்ட் ஸ்டேஷன்-3 என்ற இன்னும் இரண்டு பார்ஜ்களும், சாகர் பூஷண் என்ற துளையிடும் கப்பலும் நங்கூரம் அறுந்து தத்தளித்தன. அவற்றில் இருந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். வருஷம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இந்த வேலைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்புகிறார்கள். அதில் வந்த காசில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். என் மனசைக் குடைந்தது வேறு ஒரு விஷயம். கணக்கு.

மே 17ஆம் தேதி பி-305இல் 273 பேர் இருக்கிறார்கள் என்றுதான் செய்தி வந்தது. பிறகு அது 261 என்று திருத்தப்பட்டது. வித்தியாசம் 12 பேர். கல்யாணப் பந்தியில் 12 இலை கூடக் குறைய ஆவது பெரிய விஷயமில்லை. நடுக்கடலில் தேடுகிறவனுக்கு 12 பேர் என்பது என்ன? இல்லாத 12 பேரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இல்லையென்றால், இருக்கிற 12 பேரைத் தேடாமல் விட்டுவிட நேரும். புயலுக்கு முன்னால் எத்தனை பேர் கரைக்குப் போனார்கள், எத்தனை பேர் ஏறினார்கள், யார் எந்தப் படகில் என்ற பட்டியல் தெளிவாக இருந்தால்தான் தேடுகிறவர்களுக்கு எங்கே தொடங்குவது, எப்போது முடிப்பது என்பது தெரியும்.

கடலில் ஆளைத் தேடுவது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். சங்கராபரணியில் வெள்ளம் வரும்போது பாலத்தின் மேல் நின்று பார்த்திருப்பீர்கள். காலி பிளாஸ்டிக் குடம் ஒன்று காற்று அடிக்கும் பக்கம் விறுவிறு என்று ஓடும். வாழைத்தண்டு தண்ணீர் போகிற போக்கில் மெதுவாகப் போகும். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் போட்டாலும் இரண்டும் வேறு வேறு இடத்தில் கரை ஒதுங்கும். கடலிலும் அப்படித்தான். தண்ணீருக்கு மேலே அதிகம் தெரியும் ரப்பர் மிதவையைக் காற்று தள்ளும். கழுத்து வரை முங்கிய மனிதனை நீரோட்டம்தான் அதிகம் இழுக்கும். ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இருக்கிறது. 2016இல் அவர்கள் 'சாரட்' என்று ஒரு கணினி முறையைக் கொண்டுவந்தார்கள். தேடவேண்டியது மனிதனா, மிதவையா, படகா, கடைசியாக எங்கே இருந்தது, எத்தனை மணிக்கு என்று கொடுத்தால், இப்போது எந்தப் பகுதியில் இருக்க வாய்ப்பு என்று அது கணக்குப் போட்டுக் காட்டும்.

கவனித்தீர்களா? கணினிக்கே மூன்று கேள்விக்குப் பதில் வேண்டியிருக்கிறது. எது, எங்கே, எப்போது. நேரம் போகப் போகத் தேடவேண்டிய பரப்பு விரிந்துகொண்டே போகும். ஹெலிகாப்டரில் இருந்து பார்த்தால் அலை நுரைக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டில் விசிலும் விளக்கும் மின்னும் பட்டையும் வைத்திருப்பது அதற்காகத்தான்.

பி-305க்கான தேடல் அந்த வாரத்தோடு முடியவில்லை. மேலே தேடியது போக, ஐ.என்.எஸ். மகர் என்ற ஆய்வுக் கப்பல் ஒலி அலைக் கருவியால் கடலடியைத் துழாவி, மூழ்கிக் கிடந்த பார்ஜைக் கண்டுபிடித்தது. மகாராஷ்டிராவின் ராய்கட் கரையிலும், அங்கிருந்து வடக்கே குஜராத்தின் வல்சாட் கரையிலும்கூட உடல்கள் ஒதுங்கின.

மும்பை ஜே.ஜே. மருத்துவமனைக்குச் சொந்தக்காரர்கள் பல மாநிலங்களில் இருந்து வந்து காத்திருந்தார்கள். நாள்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்த உடலை முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை அந்த ஊரிலேயே இருக்க வேண்டியிருந்தது. ஊரடங்கு நேரம், தெரியாத ஊர், தெரியாத பாஷை. மகன் எந்தக் கம்பெனியின் ஆள் என்று கேட்டால் பதில் சொல்லத் திணறும் நிலை. எண்ணெய் வயல் ஓ.என்.ஜி.சி.யுடையது. வேலையை எடுத்த ஒப்பந்த நிறுவனம் வேறு. பார்ஜின் சொந்தக்காரர் வேறு. ஆளைச் சேர்த்துவிட்ட உள்ஒப்பந்தக்காரர் வேறு. வீட்டில் இருக்கும் அம்மாவிடம் இருப்பதோ ஒரு ஏஜென்டின் செல்போன் எண்.

உலகம் முழுக்க இதே மாதிரி கதைகள் உண்டு. அதே 2021இல், பி-305க்கு ஒரு மாதம் முன்னால், ஏப்ரல் 13ஆம் தேதி அமெரிக்காவின் லூசியானா கரைக்கு அப்பால் சீகோர் பவர் என்ற வேலைக் கப்பல் புயல் காற்றில் கவிழ்ந்தது. 19 பேரில் 6 பேர்தான் பிழைத்தார்கள். ஆறு நாள் தேடிவிட்டு அரசுத் தரப்பு தேடலை நிறுத்தியது. குடும்பத்தினரும் தன்னார்வலர்களும் நிறுத்தவில்லை. அப்படியும் 7 பேர் கடைசி வரை கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத வீட்டின் துக்கம் தனி. அதற்குச் சட்டமும் ஒரு பாரம் ஏற்றும். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்வது பொதுவான விதி. அதுவரை இன்சூரன்ஸ், பேங்க், சொத்து எல்லாவற்றிலும் சிக்கல். 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போன மீனவர்களின் குடும்பங்களுக்காக அரசு இந்த விதியைத் தளர்த்த வேண்டியிருந்தது. அப்போதும் 'இவர் அன்று கடலில்தான் இருந்தார்' என்று காட்டியாக வேண்டும். மறுபடி அதே பட்டியல்தான்.

பயமுறுத்தியது போதும், ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன் என்று தங்கச்சியிடம் சொன்னேன். 2013 மே 26 அதிகாலை, நைஜீரியா கடலில் ஜாஸ்கான்-4 என்ற இழுவைக் கப்பல் கவிழ்ந்து சுமார் 30 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகப் போய் உட்கார்ந்தது. அதில் இருந்தவர்கள் 12 பேர். உடல்களை எடுப்பதற்காகத்தான் முக்குளிப்பவர்களை இறக்கினார்கள். இருட்டில் துழாவிக்கொண்டு போனவர் எதிரே தெரிந்த ஒரு கையைத் தொட்டபோது, அந்தக் கை அவரைத் திருப்பிப் பிடித்தது. கப்பலின் சமையல்காரர் ஹாரிசன் ஒகேனே. கவிழ்ந்த கப்பலுக்குள் சிக்கிய காற்றை மூச்சு விட்டுக்கொண்டு சுமார் 60 மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறார். மற்ற 11 பேரும் பிழைக்கவில்லை. எல்லாரும் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டிய கப்பலில்கூட, எண்ணிக்கை சரியாகும்வரை உள்ளே போய்ப் பார்த்ததால் ஓர் உயிர் மிஞ்சியது.

"சமையக்காரரா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். ஒரு பழைய நோட்டில், கடல் வேலைக்குப் போகும் முன் கேட்க வேண்டியதையும் வீட்டில் வைக்க வேண்டியதையும் எழுதினோம். உங்கள் தெருவிலும் ஒரு பையனுக்கு இப்படி வேலை வரலாம். அதனால் இங்கேயும் தருகிறேன்.

ஒன்று, கப்பலின் அல்லது பார்ஜின் பேர் என்ன? எந்தக் கடல் பகுதி? பேர் மாறினால், வேறு கப்பலுக்கு மாற்றினால், அன்றைக்கே வீட்டுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். ஏறிய தேதி, இறங்கிய தேதி வீட்டு நோட்டில் இருக்க வேண்டும்.

இரண்டு, வேலை கொடுப்பவர் யார்? ஏஜென்ட் பேர் போதாது. நியமனக் கடிதத்தில் கம்பெனியின் பேர், முகவரி, சம்பளம் இருக்க வேண்டும். விபத்து இழப்பீட்டைச் சட்டம் கணக்கிடுவதே வயதையும் சம்பளத்தையும் வைத்துத்தான். மாலுமி வேலை என்று சொன்னால், ஆள் சேர்ப்பவருக்கு கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று அந்த இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வெல்டர், பெயின்டராகப் போகிறவர்கள் பல நேரம் மாலுமிக் கணக்கில் வருவதில்லை, ஒப்பந்தத் தொழிலாளிக் கணக்கில் வருகிறார்கள். அவர்களுக்குத்தான் நியமனக் கடிதம் இன்னும் முக்கியம்.

மூன்று, கடலில் உயிர்பிழைக்கும் பயிற்சி கொடுக்கிறார்களா? லைஃப் ஜாக்கெட் கட்டுவது, மிதவையை விரிப்பது, தண்ணீரில் கூட்டமாகச் சேர்ந்து மிதப்பது எல்லாம் கையால் செய்து பழக வேண்டியவை. நீச்சல் தெரியும் என்பது இதற்கு ஈடாகாது. ஏறிய முதல் நாளே தன் ஜாக்கெட் எங்கே, எந்த மிதவையில் தனக்கு இடம் என்று பார்த்து வைக்க வேண்டும். மிதவைகளைக் கடைசியாகப் பரிசோதித்த தேதி அவற்றின் மேலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நான்கு, புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வார்கள்? கரைக்குக் கொண்டுவருவார்களா, அங்கேயே நிறுத்துவார்களா? இதைக் கேட்கப் பையனுக்குக் கூச்சமாக இருந்தது. "கேட்டா வேலை குடுக்க மாட்டாங்க பெரியம்மா" என்றான். கேள்வி கேட்டதற்காக வேலை தராதவர்கள், புயல் நேரத்தில் இவன் பேச்சைக் கேட்பார்களா என்றேன். பதில் சொல்லவில்லை.

ஐந்து, வீட்டில் ஒரு கவர். ஆதார், பாஸ்போர்ட், நியமனக் கடித நகல், சமீபத்திய போட்டோ, ரத்தப் பிரிவு, உடம்பில் உள்ள மச்சம், தழும்பு, பச்சை குத்தியது, பல் வைத்தியம் செய்திருந்தால் அதன் விவரம், கூட வேலை செய்யும் இரண்டு பேரின் செல்போன் எண். பி.எஃப்., இன்சூரன்ஸ், பேங்க் எல்லாவற்றிலும் நாமினி பேர். கடலில் ஆபத்து என்று தெரிந்தால் அழைக்கக் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554.

அங்க அடையாளம் எழுதும்போது தங்கச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிள்ளை உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது தழும்பை எழுதுவது எந்த அம்மாவுக்கும் கஷ்டம்தான். அவனே சிரித்துக்கொண்டு முட்டிக்குக் கீழே இருக்கும் தழும்பைக் காட்டினான். சின்ன வயசில் கரும்புத் தோட்டத்தில் விழுந்து வெட்டியது. நான்தான் எழுதினேன்.

பிறகு அவன் ஸ்பீக்கரில் போட்டு ஏஜென்டைக் கூப்பிட்டான். கப்பல் பேர் என்ன என்று கேட்டான். "அதெல்லாம் மும்பை வந்தா தெரியும் தம்பி." எந்தக் கம்பெனி பேரில் ஆர்டர் வரும்? "நீ மொதல்ல டிக்கெட்டப் போடு." பயிற்சி? "வெல்டருக்கு எதுக்குப்பா நீச்சலு?" அத்தோடு லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பையன் முகம் வாடிப்போனது. ரெண்டு பங்கு சம்பளம் கண்ணெதிரே போகிறதே என்று எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் அவன் அம்மா தெளிவாக இருந்தாள். "கடலுக்கே போ, நான் வேணாங்கல. கப்பல் பேரு சொல்றவனா பாத்துப் போ."

முறத்தை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். பையன் மட்டும் கொஞ்சம் தயங்கி நின்றான். "பெரியம்மா, அந்த நோட்டுப் பக்கத்த போட்டோ எடுத்துக்கட்டா? என் கூடப் படிச்ச ரெண்டு பேரு அதே ஆளுகிட்ட பேசிட்டு இருக்கானுங்க" என்றான்.